எல்கரின் மூன்றாம் சிம்பொனி: தொடக் கூடாது என்றவரும் தொட்டவரும் – ஒரு நிகழ்வு ஆய்வு

இது 1932-ல் தொடங்கி 1998-ல் ஒரு முடிவுக்கு வந்த விவகாரம். எட்வர்ட் எல்கர் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளர் தன் மூன்றாவது சிம்பொனியை, அதாவது பெரிய வாத்தியக் குழு (ஆர்க்கெஸ்ட்ரா) வாசிக்கப் பல பகுதிகளாக எழுதும் நீண்ட இசையை, முடிக்காமலேயே இறந்துபோனார். அதில் யாரும் கைவைக்கக் கூடாது என்று நோய்ப்படுக்கையில் கேட்டுக்கொண்டார். விடமாட்டோம் என்று வாக்கும் கொடுத்தார்கள். 64 வருடம் கழித்து அது லண்டனில் முழு சிம்பொனியாக அரங்கேறியது. நடுவில் யார், எதைப் பார்த்து, என்ன முடிவெடுத்தார்கள் என்பதை வரிசையாக எழுதுகிறேன். ஒரு கலைஞர் விட்டுப்போன தாள்களுக்குப் பொறுப்பாளராக இருப்பவர்களுக்கு, அவர் வாரிசோ, நூலகரோ, பதிப்பாளரோ, இது பயன்பட வேண்டும் என்பது என் ஆசை. ஊரறிந்த ஒரு சிலரைத் தவிர மற்றவர்களுக்குப் பெயர் போடவில்லை. அவர்கள் நின்ற இடம்தான் இங்கே முக்கியம்.

பின்னணி

எல்கர் 1857-ல் வூஸ்டர் நகருக்குப் பக்கத்தில் ப்ராட்ஹீத் என்ற கிராமத்தில் பிறந்தவர். அப்பா பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர். இசைப்பொருள் கடையும் வைத்திருந்தார். இசைக் கல்லூரிப் படிப்பு எதுவும் இல்லாமல், கடையில் கிடந்த புத்தகங்களையும் வாத்தியங்களையும் வைத்துத் தானாகக் கற்றுக்கொண்டு மேலே வந்தவர் எல்கர். முதல் சிம்பொனி 1908-ல் வந்தது, இரண்டாவது 1911-ல். 1919-ல் செல்லோ கான்செர்ட்டோ, அதாவது செல்லோ முன்னால் நிற்க ஆர்க்கெஸ்ட்ரா கூட வாசிக்கும் இசை. அடுத்த வருடம் மனைவி இறந்தார். அதற்கப்புறம் சின்னச் சின்ன வேலைகள் வந்தனவே தவிர, பெரிதாக ஒன்றும் வரவில்லை.

நண்பரும் நாடகாசிரியருமான பெர்னார்ட் ஷாவுக்கு இது பொறுக்கவில்லை. 1932-ல் பிபிசியின் தலைவர் ஜான் ரீத்துக்கு எழுதி, எல்கரிடம் ஒரு சிம்பொனி கேளுங்கள் என்று தூண்டினார். பிபிசிக்கும் அது வேண்டியிருந்தது. அதன் சொந்த சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா தொடங்கி இரண்டே வருடம்தான் ஆகியிருந்தது. 1,000 பவுண்டு என்று பேசி, டிசம்பரில் அறிவித்துவிட்டார்கள். எல்கருக்கு அப்போது 75 வயது.

மேசையில் என்ன இருந்தது

எல்கர் முதல் பக்கத்தில் தொடங்கி கடைசிப் பக்கத்தில் முடிப்பவர் இல்லை. நான்கு பகுதிகளில் எது மனதில் ஓடுகிறதோ அதில் ஒரு துண்டு எழுதுவார்; மறுநாள் வேறொரு பகுதியில் இன்னொரு துண்டு. ஒரே மெட்டை வெவ்வேறு தாள்களில் வெவ்வேறு விதமாக எழுதிப் பார்ப்பார். எந்தத் துண்டுக்கு அடுத்து எது என்பது அவர் தலைக்குள் இருந்தது. தாளில் இல்லை.

லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவின் முதன்மை வயலின் கலைஞர் ஒருவர் அவருக்கு நெருங்கிய நண்பர். அவர் வூஸ்டரில் இருந்த எல்கரின் மார்ல் பேங்க் வீட்டுக்கு வந்துபோவார். எல்கர் பியானோவில் உட்கார, நண்பர் வயலினை எடுத்துக்கொள்ள, உதிரித் தாள்களை ஸ்டாண்டில் வைத்து இருவரும் வாசிப்பார்கள். மை காயாத தாளும் உண்டு. வயலின் வரி மட்டும் எழுதியிருக்கும் இடத்தில் மற்ற வாத்தியங்கள் என்ன செய்யும் என்பதை எல்கர் பியானோவிலேயே காட்டிவிடுவார். அந்த அறையில் ஒலித்ததை முழுசாகக் கேட்ட ஒரே ஆள் அந்த நண்பர். அப்போது ஒலிப்பதிவுக் கருவி ஒன்று அந்த அறையில் ஓடியிருந்தால், பின்னால் நடந்த பாதித் தகராறு இருந்திருக்காது.

தாள்களில் இருந்தவை எல்லாம் புதிதும் இல்லை. 1923-ல் ஆர்தர் மன்னனைப் பற்றிய ஒரு நாடகத்துக்குப் போட்டிருந்த இசையிலிருந்து எடுத்தவை இரண்டாம் பகுதியிலும் கடைசிப் பகுதியிலும் இருந்தன. முதல் பகுதியைத் திறக்கும் அந்த முரட்டு மெட்டு, எழுதாமலே விட்ட ஒரு பக்தி இசைக்கோவையின் குறிப்புகளிலிருந்து வந்தது. அதே பகுதியின் இரண்டாவது மெட்டு வேறு மாதிரி. கடைசிக் காலத்தில் அவர் மனம் நெருங்கிய ஓர் இளம் வயலின் கலைஞருடைய முதலெழுத்துகளை எழுதி, இது அவருடைய சொந்த மெட்டு என்று தாளிலேயே குறித்திருந்தார். இறந்தவர் ஒருவரின் தாள்களில் வேலை செய்யப்போகும் யாருக்கும் இந்த மாதிரி ஓரக்குறிப்பு தங்கம்.

நோயும் இரண்டு சொற்களும்

1933 அக்டோபரில் இடுப்பு நரம்பு வலி என்று நினைத்து அறுவை சிகிச்சைக்குப் போனார்கள். திறந்து பார்த்தால் புற்றுநோய்; ஒன்றும் செய்ய முடியாத நிலை. அதற்கப்புறம் சிம்பொனி நகரவில்லை.

எல்கர் அந்த மாதங்களில் இரண்டு விதமாகப் பேசினார் என்பதுதான் இந்த ஆய்வின் முடிச்சு. வயலின் நண்பரிடம், இது துண்டு துண்டாகக் கிடக்கிறது, யாருக்கும் புரியாது, யாரும் இதில் கைவைக்கக் கூடாது, எரித்துவிடுவதே நல்லது என்றார். நண்பர் எரிக்க வேண்டாம் என்று மன்றாடி, யாரும் ஒட்டுப்போட மாட்டார்கள் என்று வாக்கு கொடுத்தார். தன்னைக் கவனித்துக்கொண்ட மருத்துவர் ஒருவரிடமோ, என்னால் முடியாவிட்டால் ஐம்பது வருடத்திலோ ஐந்நூறு வருடத்திலோ வேறு யாராவது முடிப்பார்கள், அல்லது இதைவிட நல்லதாக ஒன்று எழுதுவார்கள் என்ற பொருளில் சொன்னார்.

இரண்டையும் ஒரே மனிதர் சொல்லியிருக்கிறார். ஒன்று உண்மை, மற்றது உளறல் என்று நான் பிரிக்க மாட்டேன். நெருங்கிய நண்பனிடம் பேசும்போது பயம் வெளியே வரும். மருத்துவரிடம் பேசும்போது கொஞ்சம் தள்ளி நின்று தன்னைப் பார்க்க முடியும். இதை இரண்டு நாள் கழித்து, வலி குறைந்த ஒரு காலை நேரத்தில், மறுபடி கேட்டு எழுதி வாங்கியிருக்க வேண்டும். ஆனால் அந்த அறையில் இருந்தவர்கள் அவரை நேசித்தவர்கள். சாகக் கிடப்பவரிடம் காகிதத்தை நீட்ட யாருக்கும் கை வரவில்லை என்பது எனக்குப் புரிகிறது.

1934 ஜனவரியில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். லண்டன் ஏபி ரோடு ஸ்டூடியோவில் அவருடைய பழைய இசை ஒன்றைப் பதிவு செய்தார்கள். ஸ்டூடியோவுக்கும் வூஸ்டரில் அவர் படுக்கைக்கும் தொலைபேசிக் கம்பி போட்டுக் கொடுத்தார்கள். எல்கர் படுத்தபடியே கேட்டு, இந்த இடத்தை மறுபடி வாசியுங்கள் என்று லண்டனில் இருந்த ஆர்க்கெஸ்ட்ராவுக்குச் சொன்னார். ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 23-ல் இறந்தார். கடைசி வரை காதும் தீர்மானமும் தெளிவாக இருந்த மனிதர் என்பதற்காகத்தான் இதைக் குறிக்கிறேன். சிம்பொனியைப் பற்றி அவர் சொன்னதை மயக்கத்தில் சொன்னது என்று ஒதுக்க முடியாது.

முதல் முடிவு: பூட்டிவைப்பது, ஆனால் அச்சிடுவது

எல்கருக்கு ஒரே மகள். அவரும் பிபிசியும் எடுத்த முடிவு தெளிவானது: தாள்கள் பத்திரமாக இருக்கும், யாரும் முடித்துவைக்க மாட்டார்கள். தாள்கள் பின்னால் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போயின. இன்றைக்கு பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

கூடவே இன்னொன்றும் நடந்தது. வயலின் நண்பர் 1936-ல் எல்கரைப் பற்றி ஒரு நினைவு நூல் எழுதினார். அதில் சிம்பொனித் தாள்களில் நாற்பதுக்கும் மேற்பட்ட பக்கங்களை எல்கரின் கையெழுத்திலேயே அப்படியே அச்சிட்டார். தாங்கள் எந்தெந்தத் துண்டை எந்த இடத்துக்கு என்று வாசித்தோம் என்ற நினைவையும் சேர்த்து எழுதினார். நல்ல எண்ணத்தில் செய்தது. இது முடிக்க முடியாதது, நீங்களே பாருங்கள் என்று உலகத்துக்குக் காட்டுவது அவர் நோக்கம்.

ஆனால் இசை படிக்கத் தெரிந்தவன் கையில் அந்தப் பக்கங்கள் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? தலைக்குள் ஒலிக்கத் தொடங்கிவிடும். வாக்கைக் காப்பாற்ற எழுதிய புத்தகமே வாக்கை உடைக்கும் கதவாகவும் ஆனது. மொத்த விவகாரத்திலும் என்னை மிகவும் யோசிக்கவைத்த இடம் இதுதான்.

1972 முதல் 1995 வரை

ஆந்தனி பெய்ன் 1936-ல், அதாவது அந்தப் புத்தகம் வந்த அதே வருடம், லண்டனில் பிறந்தவர். நவீன பாணியில் எழுதிய இசையமைப்பாளர். எல்கர் மேல் சிறு வயது முதலே பிடிப்பு. 1972-ல் அந்தத் தாள்களைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார். வருடக்கணக்காக விட்டு விட்டு அதோடு மல்லுக்கட்டினார். புத்தகத்தில் அச்சானது ஒரு பகுதிதான். மொத்தம் 130 பக்கத்துக்கும் மேலே இருந்தது.

1993-ல் பிபிசியின் தயாரிப்பாளர் ஒருவர், தாள்களை வாசித்துக் காட்டும் அளவுக்கு ஒழுங்குபடுத்தித் தர முடியுமா என்று பெய்னைக் கேட்டார். பெய்ன் உற்சாகமாக இறங்கினார். எல்கரின் மகள் 1970-லேயே பிள்ளையில்லாமல் இறந்துவிட்டதால், உறவு வழி வாரிசுகள்தான் அனுமதி தர வேண்டும். அவர்கள் மறுத்தார்கள். எல்கரின் சொல் அவர்களுக்குப் பெரிது. அந்த மறுப்பில் நான் குறை காண மாட்டேன்.

பெய்ன் அதை ஏற்றுக்கொண்டார். ஆனாலும் வேலை தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. முதல் பகுதியின் நடுவில், மெட்டுகளை உடைத்து வளர்க்கும் இடத்துக்கு எல்கர் விட்ட தடயங்கள் எப்படி ஒன்றோடொன்று சேரும் என்பது அவருக்குப் பிடிபட்டது இந்தக் காலத்தில்தான். அரங்கேற்றும் நம்பிக்கை இல்லாமல், தேதி நெருக்கடியும் இல்லாமல் செய்த வேலை அது. 1995-ல் தாள்களைப் பற்றி வானொலியில் விளக்கிப் பேசவும், சில இடங்களை வாசித்துக் காட்டவும் வாரிசுகள் இசைந்தார்கள். முடித்துவைப்பது வேறு, இருப்பதைக் காட்டுவது வேறு என்று அவர்கள் கோடு போட்டது சரியான கோடு.

1996: வாரிசுகள் மனம் மாறியது

மாற்றத்துக்குக் காரணம் காலண்டர். காப்புரிமை, படைத்தவர் இறந்து 70 வருடம் வரை. எல்கருக்கு அது 2004 முடிவோடு தீரும். தாள்களில் ஒரு பகுதிதான் 1936-லேயே அச்சாகிவிட்டதே! 2005 பிறந்ததும் யார் வேண்டுமானாலும், எந்தத் தரத்தில் வேண்டுமானாலும் எடுத்து முடிக்கலாம். தடுக்கச் சட்டம் இருக்காது. யாரும் தொடாமல் இருப்பது இனி நடக்காது என்றால், தொடுபவர் யார் என்பதையாவது நாம் முடிவு செய்வோம் என்று வாரிசுகள் யோசித்தார்கள். ஏற்கெனவே இருபது வருடத்துக்கும் மேலாக அந்தத் தாள்களோடு வாழ்ந்தவர், மறுத்தபோது சத்தம் போடாமல் ஒதுங்கியவர் ஒருவர் இருந்தார். பெய்னிடமே கேட்டார்கள்.

இந்த முடிவு சரி என்பது என் கருத்து. வாக்கின் உயிர் எரிக்கச் சொன்னதில் இல்லை. புரியாதவர் கையில் போய்ச் சீரழியக் கூடாது என்ற பயத்தில்தான் இருந்தது. அந்தப் பயத்துக்கு 1934-ல் சரியான பதில் பூட்டு; 1996-ல் சரியான பதில் தகுதியான ஒரு ஆள்.

இடைவெளிகளை நிரப்பிய விதம்

நான்கு பகுதிகளும் ஒரே நிலையில் இல்லை. முதல் பகுதியின் தொடக்கப் பக்கங்களை எல்கரே முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் வாத்தியம் பிரித்து எழுதியிருந்தார். மெட்டுகளை அறிமுகம் செய்யும் இடம் கிட்டத்தட்ட முழுசாக இருந்தது, பியானோவில் வாசிக்கும் அளவுக்கு. அதை ஒருமுறை திரும்ப வாசிக்க வேண்டும் என்ற குறியும் இருந்தது. முந்தைய இரண்டு சிம்பொனியிலும் எல்கர் செய்யாத ஒன்று. அந்தத் தொடக்கப் பக்கங்கள் பெய்னுக்கு அளவுகோல் ஆயின. எல்கர் இந்த வயதில் பித்தளை வாத்தியங்களை எவ்வளவு அழுத்தமாகப் பயன்படுத்துகிறார், தந்திகளை எங்கே தனியாக விடுகிறார் என்பதையெல்லாம் அதில் பார்த்துத்தான் மற்ற இடங்களுக்கு வாத்தியம் பிரித்தார்.

இரண்டாம் பகுதி லேசானது. நாடக இசையிலிருந்து போதுமான அளவு கிடைத்ததால் அதிகச் சிக்கல் இல்லை.

மூன்றாவது மெதுவான பகுதி. அதன் தொடக்கம், பழக்கமில்லாத ஓர் இடத்துக்குப் பெரிய வெண்கலக் கதவுகள் திறப்பதைப் போல இருக்கிறது என்று எல்கரே ஒரு விமர்சகருக்கு எழுதியிருந்தார். கேட்டால் தெரியும், அது மிகையில்லை. நான்கில் இருண்டது இதுதான். தாள்கள் கலைந்து கிடந்தன, எது எதற்கு முன் என்பதற்கு உறுதியான சாட்சி இல்லை. அதன் கடைசிப் பார்களை (தாளக் கட்டங்களை) மட்டும் எல்கர் நோயில் கிடந்தபோது எழுதி நண்பர் கையில் கொடுத்திருந்தார். போய்ச் சேர வேண்டிய ஊர் தெரிந்துவிட்டதால் வழியைத் தேட முடிந்தது.

நான்காம் பகுதிக்கு அந்த வசதியும் இல்லை. வீறோடு தொடங்குகிறது, மெட்டுகள் வரிசையாக வருகின்றன, அப்புறம் வெறும் வெளி. நடுப்பகுதியும் முடிவும் பெய்ன் எழுத வேண்டியவை. இங்கே ஒப்பனை செய்து மறைக்க முடியாது. வெற்றி முழக்கத்தோடு முடிப்பது எளிது. கைதட்டலும் கிடைத்திருக்கும். பெய்ன் அதைச் செய்யவில்லை. எல்கர் 1931-ல் எழுதிய குழந்தைகளுக்கான தொகுப்பில் ஒரு சின்ன இசை இருக்கிறது: ஒரு வண்டி தூரத்தில் தெரிந்து, நெருங்கி வந்து, கடந்து, மறைந்துபோகும். அந்த உத்தியைப் பெய்ன் எடுத்துக்கொண்டார். கடைசிப் பகுதியின் மெட்டு திரும்பத் திரும்ப வந்து பெருகுகிறது. பின் மெல்ல மெல்லத் தேய்ந்து அடங்குகிறது. எல்லாம் ஓய்ந்த பிறகு டாம்-டாம், அதாவது பெரிய வெண்கலச் சேமக்கலம், மெதுவாக ஒரே ஒரு தடவை ஒலிக்கிறது. அதோடு சரி.

எல்கர் இப்படி முடித்திருப்பாரா என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை என்று நினைக்கிறேன். எல்கரின் இன்னொரு படைப்பிலிருந்தே வழியை எடுத்து, அவர் மறைந்துபோனதையும் உள்ளே ஒலிக்கவைத்த முடிவு இது. பெய்ன் தன் பொறுப்பில் எடுத்த முடிவு. அந்தத் துணிச்சல் இல்லாமல் இருந்திருந்தால் முதல் மூன்று பகுதிகளும் வீணாகியிருக்கும்.

என்ன பெயர் போடுவது

எல்கரின் மூன்றாம் சிம்பொனி என்று போட்டால் பொய்யாகிவிடும். எல்கர், பெய்ன் என்று இருவர் பெயரையும் சமமாகப் போட்டால் அதுவும் சரியில்லை. கடைசியில் வைத்த பெயர்: எட்வர்ட் எல்கர், மூன்றாம் சிம்பொனிக்கான குறிப்புகள், விரித்து எழுதியவர் ஆந்தனி பெய்ன். நீளமானது, நாக்கில் ஒட்டாதது. ஆனால் எது யாருடையது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. முடித்தவர் என்று போடாமல் விரித்து எழுதியவர் என்று போட்டதில் ஒரு பணிவு இருக்கிறது, கணக்கும் இருக்கிறது: அது முடிக்கப்படவில்லை என்ற எல்கரின் நிலை அப்படியே நிற்கிறது.

பின் நடந்தவை

1997-ல் வேலை முடிந்தது. 1998 பிப்ரவரி 15 அன்று லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் ஆண்ட்ரூ டேவிஸ் நடத்த, பிபிசி சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா அரங்கேற்றியது. 1932-ல் யாருக்காகக் கேட்டார்களோ அதே ஆர்க்கெஸ்ட்ரா. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும் இசை. வரவேற்பு பெரிது. அதே வருடத்திலேயே அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது. இன்றைக்குப் பல ஆர்க்கெஸ்ட்ராக்களின் பதிவுகள் கிடைக்கின்றன. எல்கரின் சொல்லை மீறியது தவறு என்று நினைப்பவர்கள் அப்போதும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். அவர்கள் வாதத்தை இசையின் அழகைக் காட்டி முறியடிக்க முடியாது. இரண்டும் வேறு வேறு கணக்கு.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

முதலாவது, எல்கரின் விருப்பத்தை அவர் உயிரோடு இருக்கும்போதே தேதி போட்டு எழுதி வாங்கியிருக்க வேண்டும். இரண்டு பேரிடம் இரண்டு விதமாகச் சொன்னதே பின்னால்தான் வெளியே வந்தது. நண்பர் சொன்னது மட்டும் புத்தகமாகிவிட்டதால், பல வருடம் அதுவே முழு உண்மையாக நின்றது.

அடுத்தது, அச்சிடுவதும் தடை போடுவதும் சேர்ந்து நிற்காது. தாள்களை வெளியிட்ட அன்றே, காப்புரிமை தீரும் நாளும் குறிக்கப்பட்டுவிட்டது. அதை 1936-ல் யோசிக்க முடிந்திருக்காது என்பது நியாயம். இன்றைக்கு அதே நிலையில் இருக்கும் வாரிசுக்கு அந்த நியாயம் கிடையாது.

1993-ல் நேராகத் தாள்களை ஒழுங்குபடுத்தி வாசித்துக் காட்ட அனுமதி கேட்காமல், 1995-ல் செய்ததைப் போல முதலில் விளக்கப் பேச்சுக்கு அனுமதி கேட்டிருந்தால், மறுப்பும் மனவருத்தமும் இருந்திருக்காது என்று தோன்றுகிறது. வாரிசுகளுக்கும் தாங்கள் எதைக் காக்கிறோம் என்பதைக் காதால் கேட்கும் வாய்ப்பு முன்னாடியே கிடைத்திருக்கும்.

இன்னொன்று என் தனிப்பட்ட ஆசை. நான் பொறுப்பில் இருந்தால், ஸ்கோரிலேயே, அதாவது எல்லா வாத்தியங்களின் வரிகளும் சேர்ந்த இசைப் புத்தகத்திலேயே, மூன்று விதமான அச்சு வைப்பேன்: எல்கர் முழுசாக எழுதியது, எல்கர் கோடு காட்டியதை பெய்ன் நிரப்பியது, பெய்னே எழுதியது. வாசிப்பவருக்குத் தன் கை யாருடைய வரியில் இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

சில வருடம் கழித்து எல்கரின் இன்னொரு முடியாத தாள் வந்தது: பாம்ப் அண்ட் சர்க்கம்ஸ்டன்ஸ் வரிசையில் ஆறாவது அணிவகுப்பு இசைக்கான குறிப்புகள். இந்த முறையும் அதைப் பெய்னிடமே கொடுத்தார்கள். 2006 ஆகஸ்ட் 2 அன்று லண்டன் ப்ராம்ஸ் இசை விழாவில் அது அரங்கேறியது. அன்று பெய்னுக்கு 70-வது பிறந்தநாள்.